எங்கே கட்டலாம்? வரைபடம் போடும் கணக்கு

சென்னை வேளச்சேரிப் பக்கம் கோடையில் மனை பார்க்கப் போனால் எல்லாமே ஒரே மட்டமாகத்தான் தெரியும். எது மேடு, எது பள்ளம் என்பது 2015 டிசம்பர் மாதிரி ஒரு மழை வந்தால்தான் புரியும். மழைக்குக் காத்திராமல் அதை முன்கூட்டியே கணிக்கத்தான் பெரிய கட்டுமான நிறுவனங்கள் புவியிடத் தகவல் ஆலோசகர்களை, அதாவது நிலத் தரவுகளைக் கணினி வரைபடமாக்கி ஆராய்பவர்களை, தேடிப் போகின்றன.

அவர்களின் முதல் வேலை கழித்துக்கட்டுவது. நீர்நிலை, காப்புக்காடு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், சாலை, மண் வகை என ஒவ்வொன்றையும் தனி அடுக்காக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள். கட்டக் கூடாத இடமெல்லாம் அதிலேயே விழுந்துவிடும். இது கணினி கண்டுபிடித்த உத்தி அல்ல. 1960களில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் நெடுஞ்சாலைக்குப் பாதை தேடிய நிலத்தோற்ற வடிவமைப்பாளர் இயான் மெக்ஹார்க், ஒளிபுகும் தாள்களில் பாதிப்பு அதிகமாகும் இடங்களுக்கு அடர் சாயம் பூசி அடுக்கியே இதைச் செய்தார். எங்கே சாயம் வெளிறியிருந்ததோ அதுவே பாதிப்பு குறைந்த வழி.

அடுத்தது தண்ணீர். நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் எழுதிவைப்பார்கள். ஒரு கட்டத்தில் விழும் மழை, சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எதை நோக்கிச் சரிவு அதிகமோ அங்கே போகும் என்பது விதி. இதைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்து, ஒரு கட்டத்துக்கு மேலிருந்து எத்தனை கட்டங்களின் தண்ணீர் வந்து சேர்கிறது என்று எண்ணினால் போதும். எண்ணிக்கை எகிறும் இடம், இன்று புழுதி பறந்தாலும், ஓடைதான்.

சிக்கல் அந்த உயரத்தில் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பிரபலமானது, 2000 பிப்ரவரியில் நாசாவின் எண்டெவர் விண்கலம் 11 நாள் ரேடார் வைத்து அளந்தது. கட்டம் சுமார் 30 மீட்டர். உயரத்தில் சில மீட்டர் பிழை சகஜம். போதாததற்கு, நகரத்தில் அது மொட்டை மாடியையும் மரத்தின் தலையையும் சேர்த்தே தரையாக எடுத்துக்கொள்ளும். நீலகிரிச் சரிவில் இது பெரிய விஷயமில்லை. பள்ளிக்கரணையில்? சதுப்பு நிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும் அந்தத் தட்டை நிலத்தில், அரை மீட்டர் வித்தியாசமே வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும். அங்கே டிரோனில் லேசர் அளவீடு எடுக்காமல் வெள்ள வரைபடம் கொடுப்பது, என்னைக் கேட்டால், ஜோசியம். லேசர் துடிப்புகளில் சில இலைகளின் இடுக்கு வழியாகத் தரையைத் தொட்டுத் திரும்பும். அதை வைத்து நிஜத் தரையைப் பிரித்தெடுக்கலாம்.

அப்புறம் மதிப்பெண். மிச்சமிருக்கும் இடங்களில் சாலை வசதிக்கு எவ்வளவு, வெள்ள அபாயத்துக்கு எவ்வளவு? கணிதவியலர் தாமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய முறையில், இரண்டிரண்டு காரணிகளாக ஒப்பிட்டு எடையை, அதாவது எது எவ்வளவு முக்கியம் என்பதை, கணக்கிடுவார்கள். பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா என்றும் அந்த முறை சோதிக்கும். ஆனால் ஒப்பிடுவது மனிதர்கள். வெள்ளத்தின் எடையைக் கொஞ்சம் குறைத்தால் வரைபடத்தில் 'வேண்டாம்' என்று சிவப்பாக இருந்த மனை 'கட்டலாம்' என்று பச்சையாகிவிடும்! எனவே வண்ணப் படத்தைப் பார்ப்பதற்கு முன் எடை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். கூடவே, உயரத் தரவு எந்த ஆண்டுடையது, அதில் பிழை எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தையும் கிராமப் புலப்படத்தையும் (சர்வே எண்வாரியான நில அளவைப் படம்) மேலே பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். தூர்ந்துபோன வாய்க்கால் செயற்கைக்கோள் படத்தில் இருக்காது, அவற்றில் இருக்கும்.