‘சல்தா ஹை’ பாதிப் பதில்தான்: பழைய ஃபேனைப் படித்து வாங்குவது எப்படி?

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் பழைய மேசை ஃபேன் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாலே போதும், கடைக்காரர் "சல்தா ஹை" (ஓடுது) என்பார். சொன்ன கையோடு வயரின் இரண்டு முனையையும் பிளக் ஓட்டையில் செருகி ஓட்டியும் காட்டுவார். மாட்டுங்கா, செம்பூர், சயான் பக்கமிருந்து ஃபேன் தேடிப் போகிறவர்கள் முதலில் பழக வேண்டியது, அந்தக் கையைத் தடுப்பதுதான். ஐம்பது அறுபது வருடமாக எண்ணெய் காணாத புஷ் (ஷாஃப்ட் சுழலும் உலோக வளையம்), தொட்டால் உதிரும் ரப்பர் வயர் என்று இருக்கும் மோட்டாருக்குத் திடீரென்று 230 வோல்ட் கொடுத்தால், இத்தனை காலம் தப்பித்துவந்த காயில் அந்த ஒரு நிமிஷத்தில் கருகிப்போகலாம். ஓடினாலும் அதிலிருந்து தெரிவது கொஞ்சம்தான். எந்த வகை மோட்டார், எந்தக் கரண்டுக்காகச் செய்தது, தலையும் உடம்பும் ஒரே ஃபேனுடையதா என்பதையெல்லாம் கரண்ட் இல்லாமலே படித்துவிடலாம்.

பெயர்த்தகட்டிலிருந்து தொடங்கலாம். கரண்ட் வினாடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதைச் சொல்லும் ஹெர்ட்ஸ் என்ற அலகை எடை, அளவுகளுக்கான சர்வதேச மாநாடு 1960-இல்தான் ஏற்றது. அதற்கு முந்தைய பிரிட்டிஷ், அமெரிக்க, இந்தியத் தகடுகளில் ‘சைக்கிள்ஸ்’ என்றே இருக்கும். அதேபோல, இந்தியாவில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-இல் வந்து 1958-இலிருந்து படிப்படியாக நடைமுறையானது. சீலிங் ஃபேனில் 48 அங்குலம் என்று இருந்தால் பழைய வழக்கம், 1200 மி.மீ. என்று இருந்தால் புதியது. தொழிற்சாலைகள் பழைய தகடுகளைச் சில வருடம் தொடர்ந்திருக்கும் என்பதால் இது முழுச் சான்றாகாது. ஆனால் ‘ஹெர்ட்ஸ்’ என்று பொறித்த அமெரிக்க ஃபேனை 1930-களின் சரக்கு என்று ஒருவர் விலை சொன்னால், தகடு மாறியிருக்கிறது அல்லது வயது மாறியிருக்கிறது.

ஏன் சுற்றுகிறது?

வீட்டுக்கு வரும் ஒற்றை ஃபேஸ் கரண்ட் காயிலில் உண்டாக்கும் காந்தப்புலம் சுழலாது. ஒரே கோட்டில் கூடிக் குறைந்து, திசை மாறித் துடிக்கும். நின்றிருக்கும் ரோட்டரை, அதாவது மோட்டாரின் சுழலும் பாகத்தை, அது எந்தப் பக்கமும் தள்ளாது. தள்ளுவதற்கு, கொஞ்சம் தாமதமாகத் துடிக்கும் இரண்டாவது புலம் ஒன்று வேண்டும். அந்தத் தாமதத்தை எப்படி உண்டாக்கினார்கள் என்பதில்தான் ஒரு காலத்து ஃபேனும் இன்னொரு காலத்து ஃபேனும் வேறுபடுகின்றன.

எளிய வழி ஷேடட் போல். காந்த முனையின் ஒரு ஓரத்தில் தடித்த செம்பு வளையம் பதித்திருப்பார்கள். புலம் மாறும்போது வளையத்தில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, அந்த ஓரத்தின் புலத்தை மட்டும் பின்தங்க வைக்கிறது. புலம் வளையமில்லாத பக்கத்திலிருந்து வளையமுள்ள பக்கத்துக்கு நகர்வதுபோல ஆகிறது. ரோட்டரும் அந்தத் திசையில் கிளம்புகிறது. விசை குறைவு, சூடு அதிகம். ஆனால் கெட்டுப்போக எதுவுமே இல்லை. அடுத்தது, ஸ்டார்டிங் காயில் என்ற இரண்டாவது காயிலோடு தொடராக கண்டன்சர் வைக்கும் முறை. இன்றைய சீலிங் ஃபேன்களிலும் இதுதான், சுமார் 2.5 மைக்ரோஃபாரட். ஃபேன் ‘உம்’ என்று முனகி நிற்கிறதா? பிளேடை ஒரு குச்சியால் தள்ளிப் பாருங்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கமே ஓட ஆரம்பித்தால் முதல் காயிலான ரன்னிங் காயில் நன்றாக இருக்கிறது. கண்டன்சரோ ஸ்டார்டிங் காயிலோ போய்விட்டது. பழைய எண்ணெய்க் கண்டன்சர்களைப் பிரிக்க வேண்டாம். அவற்றில் பலவற்றில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் இருக்கும்.

மூன்றாவது வகையில் கார்பன் பிரஷ்ஷும், அது உரசிக் கரண்ட் கொடுக்கும் செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டரும் உண்டு. இதில் ஏ.சி.-டி.சி. இரண்டிலும் ஓடுபவையும், டி.சி.க்கு மட்டுமே செய்தவையும் கலந்து விற்பனைக்கு வரும். காந்த முனையின் ஓரத்தைப் பாருங்கள். மெல்லிய தகடுகளை அடுக்கியிருந்தால் ஏ.சி. தாங்கும், ஒரே இரும்புக் கட்டி என்றால் டி.சி. ஃபேன். அந்தக் கட்டிக்குள் ஏ.சி. சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கி அடுப்பாக்கிவிடும்.

அமெரிக்க ஃபேனும் 110 வோல்ட்டும்

இங்கேதான் அதிக ஃபேன்கள் கருகுகின்றன. அமெரிக்க ஃபேனை வாங்கியவர், லாமிங்டன் ரோட்டில் 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி மாட்டுவார். வோல்ட் சரி, அதிர்வெண் சரியில்லை. அந்த மோட்டார் 60 சைக்கிளுக்கானது. இங்கே வருவது 50. இரும்பில் ஏறும் காந்தப் பாயம், வோல்ட்டை அதிர்வெண்ணால் வகுத்ததைப் பொறுத்தது. அதே 110 வோல்ட்டை 50 சைக்கிளில் கொடுத்தால் பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. அவ்வளவையும் வாங்க இரும்பில் இடமில்லாததால் காயில் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்துச் சூடாகும். சரியான கணக்கு: 110-ஐ 60-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்கினால் சுமார் 92 வோல்ட். 90 வோல்ட் டேப் (வெளியே எடுத்த இணைப்பு) உள்ள டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிவாங்கலாம், வோல்ட்டைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட்டும் வைக்கலாம்.

வேகம் குறைவதைத் தவிர்க்க முடியாது. நான்கு முனை மோட்டாரின் புலம் 60 சைக்கிளில் நிமிடத்துக்கு 1800 சுற்று, 50-இல் 1500. காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக மாறும் என்பதால் அது 58 சதவீதமாக இறங்கும். ‘காற்றே வரலை’ என்று காயிலைச் சுற்றக் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஃபேன் இங்கே அப்படித்தான் ஓடும்.

கரண்ட் கொடுப்பதற்கு முன்

முதலில் கையால் சுற்றுங்கள். ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ‘டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. ரோட்டருக்கும், காயில் சுற்றிய அசையாத பாகமான ஸ்டேட்டருக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. புஷ் தேய்ந்தால் காந்தம் ரோட்டரைப் பக்கவாட்டில் இழுத்து உரச வைக்கும்.

வயரை மாற்றாமல் எந்தச் சோதனையும் வேண்டாம். ரப்பர் பூசிப் பருத்தி நூல் பின்னிய வயர் வெளியே திடமாகத் தெரியும். தலை திரும்புகிற கழுத்துக்குள் உதிர்ந்து செம்பு தெரியும். மூன்று கோர் வயர் போட்டு உடம்பை எர்த் செய்யுங்கள். பிறகு இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டரான 500 வோல்ட் மெக்கரில் காயிலுக்கும் உடம்புக்கும் நடுவே பாருங்கள். 2 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் உடனே ரீவைண்டிங்குக்குப் போக வேண்டியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் பருத்தி இன்சுலேஷன் ஈரத்தைக் குடித்துவிடும். மூடிய பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு எரியவிட்டு, ஸ்டேட்டரை பல்பில் படாமல் இரண்டு நாள் வைத்து, ஆறியபின் திரும்பப் பாருங்கள். பல காயில்கள் பிழைத்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் நம் வீட்டுப் பழக்கத்தை விட வேண்டும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஜனவரி இரவில் மும்பையிலும் அதற்குக் கீழே போகும். மீதி மாதங்களில் தூசியோடு சேர்ந்து, புஷ்ஷுக்கு எண்ணெய் கொடுக்கும் ஃபெல்ட் திரியில் பிசினாகிறது. துரு நீக்கும் ஸ்ப்ரே இன்னும் மோசம். இருக்கிற எண்ணெயைக் கழுவிவிட்டு அதுவும் ஆவியாகிவிடும். டிடர்ஜென்ட் கலக்காத எஸ்.ஏ.இ. 20 எண்ணெய், ஒவ்வொரு புஷ்ஷுக்கும் பழைய ஃபெல்ட் நனையும் வரை, போதும்.

தலை திருப்பும் பல்சக்கரப் பெட்டியில் பழைய கிரீஸ் மெழுகாகியிருக்கும். ஷாஃப்ட்டின் பின்முனையில் வெட்டிய புரியும் அதில் பொருந்தும் சக்கரமும் சேர்ந்து நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்றை ஒருசில ஆட்டங்களாகக் குறைக்கின்றன. மேல் குமிழைத் தளர்த்தாமல் யாராவது தலையைக் கையால் திருப்பியிருந்தால் அந்தச் சக்கரத்தின் பற்கள் மழுங்கியிருக்கும். வாங்கும்போதே பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய இடம் இது.

பித்தளை

பூச்சா பித்தளையா என்று காந்தம் சொல்லிவிடும். சுத்தம் செய்வதுதான் பெரிய சிக்கல். புளி போட்டுத் தேய்க்கலாம். அதன் அமிலம் கறுப்பைக் கரைக்கும். ஆனால் ஊறவிட்டால் துத்தநாகமும் கரைந்து, பிளேடு திட்டுத்திட்டாகச் செம்பு நிறம் காட்டும். சில நிமிடத்தில் கழுவி, துடைத்து, வெயிலில் வையுங்கள்.

அம்மோனியா கலந்த பாலிஷை மட்டும் பிளேடு பக்கம் கொண்டுவராதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டா உறைகள், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது தானாக விரிசல் விட்டன. அழுத்தி உருவாக்கியதில் உலோகத்துக்குள் தங்கிய இழுவிசை, ஈரம், குதிரைச் சிறுநீரின் அம்மோனியா மூன்றும் சேர்ந்ததுதான் காரணம் என்று 1921-இல்தான் தெளிவானது. ஃபேன் பிளேடும் அழுத்தி வளைத்த பித்தளைதான். மழையும் இங்கே உண்டு. விரிசல் பெரும்பாலும் ரிவெட் ஓட்டையின் விளிம்பில் தொடங்கும். அங்கே கெரசின் தடவிக் கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் மயிரிழைபோல ஓர் ஈரக்கோடு பொடியில் ஊறி வரும். கோடு வந்த பிளேடை அலமாரியில் காட்சிக்கு வைக்கலாம், ஓட்டக் கூடாது.

ஃபேனை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும்போது நேர்மையாகச் சொல்ல வேண்டியது, தலை ஒன்று உடம்பு வேறா என்பதை. திருகுகளே காட்டிக்கொடுக்கும். பழைய பிரிட்டிஷ் ஃபேன்களில் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) அளவு மரை இருக்கும். 2 பி.ஏ. திருகின் விட்டம் 4.7 மி.மீ.; மெட்ரிக் எம்5 திருகும் கிட்டத்தட்ட அதே மரை என்பதால் முறுக்கினால் ஏறிவிடும், ஓட்டையைக் கெடுத்துக்கொண்டு. உடம்பில் பி.ஏ. திருகும் தலையில் பளபளக்கும் எம்5-உம் இருந்தால் கேள்வி கேளுங்கள். பெயர்த்தகடு, கம்பிக்கூண்டின் நடுவிலிருக்கும் முத்திரை, பழைய பெயின்ட் இவை மூன்றும் கலையாமல் இருப்பதுதான் விலையை ஏற்றும். பஃபிங் போட்டு முத்திரையை மழித்த ஃபேனுக்கு என்ன மினுக்கு இருந்தாலும் மதிப்பு திரும்பாது.

எல்லாம் முடிந்தபின் 100 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்து முதலில் ஓட்டுங்கள். மங்கலாக எரிந்தால் நல்லது, பளிச்சென்று எரிந்தால் ஷார்ட். பல்பு வழியாகவும் உயிர்போகும் அளவு கரண்ட் வரும், ஓடும்போது உடம்பைத் தொடாதீர்கள். பத்து நிமிடம் கழித்து நேரடியாகக் கொடுத்து அரைமணி ஓட்டி, சுவிட்சை அணைத்து, பிளேடு நிற்க எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டென்று நின்றால் புஷ் இறுக்கம். நிற்கும் முன் முன்னும் பின்னும் ஊசலாடி, ஒவ்வொரு முறையும் ஒரே பிளேடு கீழே வந்து நின்றால் அந்தப் பிளேடுதான் கனம்.