லேஅவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடம் யாருக்குச் சொந்தம்?

போன மாதம் சித்தப்பா மகன் மனை பார்க்கப் போகிறேன், கூட வாங்கண்ணா என்றான். செங்கல்பட்டுப் பக்கம் ஐந்து ஏக்கர் லேஅவுட். கையில் கொடுத்த நோட்டீஸில் நடுவே பச்சையாக ஒரு கட்டம், அதில் ஊஞ்சல், சறுக்குமரம், நடைபாதை எல்லாம் வரைந்திருந்தது. அந்த இடத்தை நேரில் காட்டச் சொன்னோம். சீமைக்கருவேலம் மண்டிய பள்ளம். ஓரத்தில் கைப்பிடிச் சுவர் இடிந்த பழைய கிணறு. “இதுதான் சார் பார்க், பின்னாடி டெவலப் பண்ணிடுவாங்க” என்றார் மனை காட்ட வந்தவர். “தானப் பத்திரம் போட்டாச்சா? நம்பர் இருக்கா?” என்று கேட்டேன். “அப்ரூவ்டு பிளான்லயே இருக்கே சார்” என்றார்.

நான் கேட்டது பத்திரத்தை, அதாவது பூங்கா இடத்தை உள்ளாட்சிக்கு இலவசமாக எழுதிக் கொடுத்த ஆவணத்தை. அவர் காட்டியது வரைபடத்தை. பூங்கா இடம் கைமாறிப் போவதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். மனை வாங்கும் ஒவ்வொருவரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் விதி. தமிழ்நாட்டில் மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் இப்போது நடைமுறையில் இருப்பது ‘தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், 2019’. சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும், மற்ற இடங்களில் டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் இதை வைத்துத்தான் அனுமதி கொடுக்கின்றன. பூங்கா, விளையாட்டிடம் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு நிலம் ஒதுக்குவதைத்தான் அலுவலகங்களில் ஓ.எஸ்.ஆர். என்கிறார்கள். தமிழில் திறந்தவெளி ஒதுக்கீடு.

எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பது நிலத்தின் அளவைப் பொறுத்தது. 3,000 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 74 சென்ட் வரை, எதுவும் ஒதுக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை சாலைகள் போக மீதியில் 10 சதவீதம் விட வேண்டும், அல்லது முதல் 3,000 சதுர மீட்டரைக் கழித்துக்கொண்டு அந்த நிலத்துக்கு ஈடான மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிவிட்டால், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கரைத் தாண்டிவிட்டால், பணப் பேச்சே கிடையாது. 10 சதவீதத்தை நிலமாகத்தான் விட்டாக வேண்டும்.

பணம் கட்டலாம் என்ற இந்த நடு வழி எனக்கு உடன்பாடில்லாதது. பணம் அரசுக் கணக்குக்குப் போய்விடும். அந்தத் தெருவில் வளரும் பிள்ளைக்கு ஓடி விளையாட ஒரு சென்ட் கூட மிஞ்சாது. அதனால் ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர் லேஅவுட்டில் மனை பார்ப்பவர்கள், ‘ஓ.எஸ்.ஆர். நிலமா, பணமா?’ என்று முதல் கேள்வியாகக் கேட்டுவிடுங்கள். பக்கத்திலேயே, லேஅவுட் போட்டு விற்கும் அதே புரோமோட்டரின் ‘பேஸ் 1’, ‘பேஸ் 2’ என்று தனித்தனி அனுமதியோடு சின்னச் சின்ன லேஅவுட்கள் இருந்தால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். இரண்டையும் சேர்த்தால் இரண்டரை ஏக்கரைத் தாண்டுகிறதா என்று கூட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

எங்கள் ஐந்து ஏக்கரையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். சாலைகளுக்கு ஒன்றரை ஏக்கர் போகிறது என்று வைத்தால் மீதி மூன்றரை ஏக்கர். அதில் பத்தில் ஒரு பங்கு 35 சென்ட். சதுர அடியில் 15,246, கிரவுண்டு கணக்கில் ஆறுக்குச் சற்று மேல். 1,200 சதுர அடி மனைகளாகப் பிரித்தால் நூற்றுச் சொச்சம் வீடுகள் வரும். வீட்டுக்கு நாலு பேர் என்றால் நானூறு பேருக்கு மேல். ஆளுக்கு மூன்று, மூன்றரை சதுர மீட்டர் பூங்கா கிடைக்கும். மத்திய அரசு 2014-ல் வெளியிட்ட நகர்த் திட்ட வழிகாட்டி நெறிமுறைகள் ஊர் முழுவதையும் சேர்த்து ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கின்றன. மாடி கட்டி வாடகைக்கு விட்டால் நானூறு பேர் எண்ணூறு ஆவார்கள், நிலம் அதே 35 சென்ட்தான். அதனால்தான் அதில் ஒரு சென்ட் குறைந்தாலும் விடக்கூடாது என்கிறேன்.

அளவைப் போலவே வடிவமும் முக்கியம். ஒதுக்கும் இடம் தரைமட்டத்தில் இருக்க வேண்டும், பொதுச் சாலையை ஒட்டி இருக்க வேண்டும், எந்தப் பக்கமும் 10 மீட்டருக்குக் குறையக் கூடாது, புரோமோட்டர் அதில் கட்டடம் எதுவும் கட்டக் கூடாது. இந்தப் பத்து மீட்டரைத்தான் கவனிக்க வேண்டும். அதே 35 சென்டை 36 மீட்டருக்கு 39 மீட்டராகச் சதுரம் போல விட்டால் சுற்றிலும் நடைபாதை போட்டு, நடுவில் ஒரு வாலிபால் மைதானமும் பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் வைத்து, நிழலுக்கு நாலு புங்க மரமும் நடலாம். வேலியிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே தள்ளி நடைபாதை போட்டால் ஒரு சுற்று 134 மீட்டர். ஏழெட்டுச் சுற்று நடந்தால் ஒரு கிலோமீட்டர். சர்க்கரை இருக்கிறவர்கள் காலையில் மெயின் ரோட்டில் லாரிக்கு ஒதுங்கி நடக்க வேண்டியதில்லை. அதே நிலத்தை 10 மீட்டர் அகலத்தில் 140 மீட்டர் நீளத்துக்கு நாடா மாதிரி லேஅவுட்டின் பின்புறம் ஓட்டிவிட்டாலும் அகலம் விதிக்குப் பொருந்திவிடும். வாலிபால் மைதானம் மட்டுமே 18 மீட்டருக்கு 9 மீட்டர். அந்த நாடாவில் பந்தை அடித்தால் பக்கத்து வீட்டு ஜன்னலில்தான் போய் விழும்.

வரைபடத்தில் பூங்கா எந்த மூலையில் இருக்கிறது, அதன் மேலே உயர் அழுத்த மின்கம்பி போகிறதா, ஓடை புறம்போக்கை ஒட்டிய பள்ளமா என்பதை நேரில் நின்று பாருங்கள். பள்ளம் என்பதற்காகவே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மழைநீர் இறங்கும் மூலையாக அதை வைத்துக்கொண்டு, மேட்டுப் பகுதியில் விளையாட்டிடம் அமைத்தால் லேஅவுட்டின் கிணறுகளுக்கும் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் அதுவே ஊற்று. ஆனால் மொத்தப் பூங்காவும் மார்கழி வரைக்கும் தண்ணீரில் நிற்குமானால் அது பூங்கா இல்லை. பழைய கிணறு இருந்தால் கம்பி மூடி போடாமல் ஒரு குழந்தையையும் உள்ளே விடக் கூடாது.

இப்போது பத்திரத்துக்கு வருகிறேன். புரோமோட்டர் விண்ணப்பித்ததும் தொழில்நுட்ப ஒப்புதல் தருவார்கள். அதன் பிறகு சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சி அமைப்பின் பெயருக்குப் பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் இலவசமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் இறுதி அனுமதி. ‘அப்ரூவல் வந்தாச்சு’ என்று ஒருவர் சொன்னால் எந்த அப்ரூவல் என்று கேட்பது இதற்காகத்தான். தொழில்நுட்ப ஒப்புதல் கட்டத்திலேயே மனைக்கு முன்பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் பூங்கா இன்னும் புரோமோட்டர் கையில்தான்.

தானப் பத்திரம் பதிவாகிவிட்டால் அந்த நிலம் புரோமோட்டருடையதும் இல்லை, மனை உரிமையாளர் சங்கத்தினுடையதும் இல்லை. பொதுமக்களுக்காக உள்ளாட்சி வைத்திருக்கும் நிலம். சொந்த நிலத்தை இலவசமாக வாங்குவது நியாயமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. சென்னைக் குடியிருப்பு ஒன்று சம்பந்தப்பட்ட வழக்கில் 2023 பிப்ரவரியில் இந்த 10 சதவீத விதி செல்லும் என்று தீர்ப்பானது.

ஆனால் பத்திரம் பதிவானதோடு வேலை முடிந்துவிடாது. பட்டா மாற வேண்டும். இங்கேதான் பெரிய ஓட்டை. தானப் பத்திரம் போட்டுவிட்டு, வருவாய்த் துறைக் கணக்கில் பழைய நில உரிமையாளர் பெயரிலேயே பட்டா கிடக்கும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அவருடைய வாரிசு பட்டாவைப் பார்க்கிறார், தன் பெயரில் நிலம் இருக்கிறது, விற்கிறார். வாங்கியவர் கம்பி வேலி போடும்போதுதான் தெருவாசிகளுக்கு விஷயமே தெரியும். அதற்குப் பிறகு வழக்கு, வாய்தா என்று வருடங்கள் ஓடும்.

ஆக, முன்பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். அனுமதி எண்ணோடு கூடிய லேஅவுட் வரைபடத்தின் நகலை வாங்குங்கள். அதில் பூங்கா எந்த சர்வே எண்ணில் வருகிறது என்று பாருங்கள். பதிவுத் துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று, அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பார்த்தால் உள்ளாட்சிக்கு எழுதிய தானப் பத்திரம் எண்ணும் தேதியுமாக அதில் வர வேண்டும். வரவில்லையென்றால் ஏன் என்று கேட்டு, பதில் வரும் வரை பணம் கொடுக்காதீர்கள். பிறகு வருவாய்த் துறையின் இ-சேவை தளத்தில் அதே எண்ணுக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கடைசியாக ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். வெட்கப்படாதீர்கள், மனையை அளப்பவர் பூங்காவையும் அளக்கலாம்.

அங்கீகாரமில்லாமல் போட்டு, பிறகு வரன்முறை செய்த மனைகளில் கதை வேறு. 20.10.2016-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு 2017-ல் வந்த வரன்முறைத் திட்டம் அது. அங்கே பூங்காவுக்குப் பதில் பெரும்பாலும் கட்டணம்தான் இருக்கும்.

அடுக்குமாடியிலும் கேட்டட் கம்யூனிட்டியிலும் வேறொரு குழப்பம். கிளப் ஹவுஸ், நீச்சல் குளம், உள்ளே இருக்கும் சிறுவர் விளையாட்டிடம் ஆகியவை குடியிருப்போருக்கான பொது வசதிகள். அவை ஓ.எஸ்.ஆர். இல்லை. ஓ.எஸ்.ஆர். நிலம் சாலையை ஒட்டி, தெருவில் போகும் யாரும் நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்குக் கேட் போட்டு ‘வெளியாட்களுக்கு அனுமதி இல்லை’ என்று பலகை மாட்டும் சங்கங்கள் தாங்களே விதியை மீறுகின்றன. பக்கத்துக் குடிசைப் பகுதிக் குழந்தைக்கும் அந்த ஊஞ்சலில் சம உரிமை உண்டு. உள் வசதிகளைப் பொறுத்தவரை 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் வரும் திட்டம், அல்லது எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டம், ரெரா எனப்படும் அந்தச் சட்டத்தின் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டும். விளம்பரத்தில் காட்டியதை நம்பிப் பணம் கட்டி ஏமாந்தால் இழப்பீடு கேட்க 12-வது பிரிவு இடம் தருகிறது. அனுமதித்த திட்டத்தின் பொது இடங்களை மாற்ற வேண்டுமானால் வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும் என்கிறது 14-வது பிரிவு. அந்த விளம்பர நோட்டீஸைத் தூக்கி எறியாமல் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

குடிவந்த பிறகு வரும் ஆபத்து பெரும்பாலும் நல்ல முகத்தோடு வரும். தண்ணீர்த் தொட்டி கட்டலாம், கோயில் கட்டலாம், சமுதாயக் கூடம் கட்டலாம் என்பார்கள். எல்லாம் நல்ல காரியம்தான், ஆனால் அவற்றுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். மருத்துவமனையும் மக்களுக்குத்தானே என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1991-ல் ஏற்கவில்லை. வழக்குத் தொடுத்தவர்கள் அந்தப் பகுதியில் குடியிருந்த சாதாரண மக்கள்தான். தமிழ்நாட்டில் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

பத்திரமும் பட்டாவும் சரியாக இருந்தும் இடம் புதராகக் கிடந்தால் உள்ளாட்சியைக் கேட்க வேண்டும். ஊராட்சியானால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. சர்வே எண்ணையும் தானப் பத்திர எண்ணையும் குறிப்பிட்டு, வேலி போட்டுப் பெயர்ப்பலகை வைக்கத் தீர்மானம் கேளுங்கள். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டிக் கொடுத்தால் மீதியை அரசு போடும். தெருக்காரர்கள் கூடினால் வேலியும் நடைபாதையும் இதில் கேட்டுப் பார்க்கலாம். பதிலே வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போடுங்கள். ‘எங்கள் லேஅவுட்டில் தானமாகப் பெற்ற நிலங்களின் சர்வே எண், பரப்பு, பட்டா விவரம்’ என்று ஒரே கேள்வி போதும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

செங்கல்பட்டு மனைக்கு அன்று இரவே வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். சாலைகளுக்குத் தானப் பத்திரம் இருந்தது. பூங்கா வரும் சர்வே எண்ணில் எதுவும் இல்லை. “அந்தப் பத்திரத்தை முடிச்சிட்டுக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுத் தம்பி முன்பணத்தைக் கையிலேயே வைத்திருக்கிறான்.