பெருக்கலும் கூட்டலும் செய்யும் மின்தடைகள்

செயற்கை நுண்ணறிவுக்கு ஏன் இத்தனை மின்சாரம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதில் பெரும்பகுதி கணக்குப் போடுவதற்காகச் செலவாவதில்லை. எண்களை நினைவகத்திலிருந்து செயலிக்குக் கொண்டுவருவதிலேயே போய்விடுகிறது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-இல் தந்த கணக்கின்படி, 45 நானோமீட்டர் சில்லுத் தொழில்நுட்பத்தில் இரண்டு 32 பிட் எண்களைப் பெருக்க ஏறத்தாழ 4 பிகோஜூல் (ஒரு பிகோஜூல் என்பது ஜூலில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) போதும். அத்தகைய ஓர் எண்ணை கணினியின் முதன்மை நினைவகமான டிராமிலிருந்து (DRAM) எடுத்துவர 640 பிகோஜூல் வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதைவிட மோசமான நிலை இது.

எண் இருக்கும் இடத்திலேயே கணக்கை முடிக்க உதவுவது மெம்ரிஸ்டர். பாய்ந்த மின்னோட்டத்திற்கேற்பத் தன் மின்தடையை மாற்றிக்கொண்டு, மின்சாரம் நின்ற பின்னும் அதைக் காத்து வைத்திருக்கும் இந்த உறுப்பை மின்பொறியியல் அறிஞர் லியான் சுவா 1971-இல் கணிதவழியில் முன்மொழிந்தார். 2008-இல் எச்பி ஆய்வகத்தில் ஸ்டான்லி வில்லியம்ஸ் குழுவினர் டைட்டானியம் டை ஆக்சைடு படலத்தில் அதைக் கண்டதாக அறிவித்தனர். அது சுவா சொன்ன உறுப்புதானா என்ற சர்ச்சை எழுந்தது. நம் கணக்குக்கு அது தடையில்லை.

நுண்கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு மெம்ரிஸ்டரை வைத்து, செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தும் எண் அட்டவணையான அணியின் (matrix) ஓர் எண்ணை அந்த மெம்ரிஸ்டரின் மின்கடத்து திறனாகப் பதிக்கிறார்கள். உள்ளீட்டு எண்களை நிரைக் (கிடை வரிசை) கம்பிகளில் மின்னழுத்தங்களாகக் கொடுத்தால், ஒவ்வொரு சந்திப்பிலும் மின்னழுத்தத்தையும் கடத்து திறனையும் பெருக்கிய அளவுக்கு மின்னோட்டம் பாயும். பள்ளியில் படித்த ஓம் விதிதான். அந்த மின்னோட்டங்கள் நிரல் (செங்குத்து வரிசை) கம்பியில் ஒன்றுசேரும்போது, கிர்க்காஃப் விதிப்படி தாமாகவே கூட்டப்படுகின்றன. 256 நிரையும் 256 நிரலும் கொண்ட அணியில் 65,536 பெருக்கல்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கூட்டுவதற்கெனத் தனிச் சுற்று எதுவும் இல்லை. எதிர்ம எண் வேண்டுமென்றால், இரண்டு மெம்ரிஸ்டர்களை இணையாக்கி ஒன்றின் மின்னோட்டத்திலிருந்து மற்றதைக் கழித்துவிடுகிறார்கள். இந்த எளிமையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

ஆனால் விடை தோராயமானது, இரைச்சல் கலந்தது. துல்லியமான விடைக்குப் பழகிய கணினி அறிவியலாளர்களுக்கு இங்கேதான் புதிய வேலை. செயற்கை நுண்ணறிவின் அடிப்படையான நரம்பு வலையமைப்பைப் பயிற்றும்போதே இரைச்சலைக் கலந்து பழக்குவது ஒரு வழி. ஐபிஎம்மின் ஜூரிக் ஆய்வகம் 2018-இல் வெளியிட்ட முறையில், தோராய விடையை இத்தகைய நினைவகம் தர, எஞ்சிய பிழையை எண்முறைச் (டிஜிட்டல்) செயலி கணக்கிட்டுத் திருத்துகிறது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 2024-இல் மூலக்கூறுப் படலம் ஒன்றில் மின்கடத்து திறனின் 16,500 வெவ்வேறு நிலைகளைக் காட்டினர்; நிலைகள் கூடக் கூட எண்ணைத் துல்லியமாகப் பதிக்கலாம். கோட்பாட்டுக்கும் கருவிக்கும் இடையே 37 ஆண்டுகள் பிடித்த துறையில், மூன்றாண்டில் பயன் கேட்கும் நிதித் திட்டங்கள் பொருந்தா என்பது என் கருத்து. நிரல்களின் முடிவில் மின்னோட்டத்தை எண்ணாக மாற்றும் சுற்றுகளே ஆற்றலில் பெரும்பங்கை விழுங்குவதால், அவற்றைச் சிறிதாக்கும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.