பழைய பிரிட்டிஷ் பைக்குகளும் 19 அங்குல முன்சக்கரமும்

1960களின் பிற்பகுதியில் வந்த ட்ரையம்ப் போனவில்லில் முன்சக்கரம் 19 அங்குலம், பின்சக்கரம் 18 அங்குலம். நார்ட்டன் கமாண்டோவிலோ இரண்டுமே 19 அங்குலம். 1955 முதல் சென்னையில் உருவான ராயல் என்ஃபீல்ட் புல்லட்டும் நெடுங்காலம் 3.25-19 டயரிலேயே (அகலம் 3.25 அங்குலம், ரிம்மின் விட்டம் 19 அங்குலம்) ஓடியது. தோற்றத்துக்காகச் சிலர் இந்த முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சிறியதை மாட்டுகிறார்கள். அப்போது வண்டியை நேராக ஓடவைக்கும் வடிவக் கணக்கே மாறிவிடுகிறது.

ஹேண்டில்பார் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்தச் சாய்ந்த அச்சைக் கீழ்நோக்கி நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் அது தரையைத் தொடும். இவ்விரு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தூரம்தான் ட்ரெயில். தள்ளுவண்டியின் சுழலும் சக்கரம் நாம் தள்ளும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்வதைப் போல, முன்சக்கரம் சற்றே விலகினாலும், பின்னால் இழுபடும் தொடுபுள்ளியில் எழும் பக்கவிசை அதை மீண்டும் நேராக்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அச்சு செங்குத்திலிருந்து 27 பாகை சாய்ந்திருக்கிறது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் சக்கரத்தின் மையத்தை அந்த அச்சிலிருந்து 50 மி.மீ. முன்தள்ளி வைத்திருக்கிறது, இரு சக்கரங்களின் மையங்களுக்கும் இடையே 1400 மி.மீ. தூரம் என்று கொள்வோம். 3.25-19 டயருக்கு ட்ரெயில் ஏறத்தாழ 109 மி.மீ. அதே தடிமனில் 18 அங்குல டயரை மாட்டினால் ஆரம் குறைவதோடு வண்டியின் முன்பகுதியும் தாழ்ந்து, அச்சு அரைப் பாகை நிமிர்ந்துவிடும். ட்ரெயில் சுமார் 99 மி.மீ. ஆகச் சுருங்கும். வண்டி எளிதாகத் திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில் அதன் நிதானம் குறையும். பெரிய சக்கரத்தின் சுழல் நிலைமம் கூடுதல் என்பதும் நிதானத்துக்கு ஓரளவு துணைசெய்கிறது.

டயரின் குறுக்குவடிவமும் முக்கியம். பழைய அளவுகளில் டயரின் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம் என்பதால், 3.25-19க்கு மாற்றாக இன்றைய 90/90-19 (அகலம் 90 மி.மீ., உயரம் அதில் 90 சதவீதம்) விட்டத்தில் மிக நெருங்கிப் பொருந்துகிறது. ஆனால் 1.85 அங்குல அகலமுள்ள டபிள்யூஎம்2 ரிம்மில் மிகவும் தடித்த டயரை மாட்டினால், பக்கச்சுவர்கள் உள்ளே நெருக்கப்பட்டு நடுப்பகுதி கூம்பிவிடும். வளைவில் வண்டி சீராகச் சாயாமல் சட்டென்று விழுவதுபோல் தோன்றுவது இதனால்தான். ரப்பரின் தரத்தையும் குறைத்து எண்ணக்கூடாது. 1969ல் ஐல் ஆஃப் மேன் தீவின் டிடி பந்தயத்தில் வீரர் மால்கம் அப்ஹில் போனவில்லில் மணிக்கு 100 மைலுக்கும் மேற்பட்ட சராசரி வேகத்தில் ஒரு சுற்றை முடித்தது டன்லப் கே81 டயர்களில்தான். அதன் பிறகே அவற்றுக்கு டிடி100 என்ற பெயர் வந்தது.

பல பழைய பைக்குகளில் ஹேண்டில்பாரின் நடுவே ஒரு கருப்புத் திருகுகுமிழ் இருக்கும். அதைத் திருகினால் உராய்வுத் தகடுகள் இறுகி, ஹேண்டில்பாரின் விரைவான உதறலை அடக்கும். ஆனால் அளவுக்கு மீறி இறுக்கினால், வண்டி முழுவதும் வினாடிக்கு 2 முதல் 4 முறை நெளியும் அதிவேக ஆட்டம் சில நேரங்களில் மோசமாகிவிடும். ஆகவே உதறல் தெரிந்தால் காற்றழுத்தம், ஆரக்கம்பிகளின் இறுக்கம், ஸ்டியரிங் பேரிங் ஆகியவற்றைப் பார்த்த பிறகே அந்தக் குமிழில் கைவைக்க வேண்டும்.