தார் பூசினால் மரத்தின் காயம் ஆறாது

மழைக்காலம் நெருங்கினால் கிளை கழிக்கும் வேலை தொடங்கிவிடும். கூடவே தார் டப்பாவும் வந்துவிடும். தண்டோடு ஒட்ட அறுத்து, வெட்டிய முகத்தில் கறுப்பாகப் பூசிவிட்டு “மருந்து போட்டாச்சு” என்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

நம் தோலில் காயம் பட்டால் அதே இடத்தில் புதுத் தோல் வளரும். மரத்தில் அது கிடையாது. அழுகிய கட்டை திரும்ப நல்ல கட்டை ஆகவே ஆகாது. கெட்ட பகுதியைச் சுற்றி அடைத்துவிட்டு, அதன்மேல் புது வளையம் போட்டு மரம் வளர்கிறது. வெளியே பட்டை மூடியதும் ஆறிவிட்டது என்று நினைக்கிறோம். இருபது வருடம் கழித்து அறுத்தாலும் உள்ளே பழுப்பாக அந்தக் காயம் அப்படியே இருக்கும்.

அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, 1970-களில் இதை, அழுகலைச் சுற்றி மரம் எழுப்பும் நான்கு தடுப்புச் சுவர்களாக விளக்கினார். காயத்துக்கு மேலேயும் கீழேயும் மரத்தின் நீர்க்குழாய்களை அடைக்கும் சுவர்தான் ரொம்பப் பலவீனம். அழுகல் நெடுக்கில் ஓடுவது அதனால்தான். காயத்துக்குப் பிறகு புதிதாகப் போடும் சுவர்தான் அழுகலை உண்டாக்கும் பூஞ்சையைத் தடுப்பதில் பலமானது. ஆனால் பளு தாங்காது, அந்த வளையத்தை ஒட்டியே பிளவு விடும்.

தாரோ பெயின்ட்டோ பூஞ்சையை நிறுத்தாது. காய்ந்து வெடித்த படலத்துக்கு அடியில் ஈரம்தான் தங்கும். பொந்தில் சிமென்ட் அடைக்காதீர்கள். மரம் காற்றில் ஆடும், சிமென்ட் ஆடாது, உரசி உரசி உள்சுவர் உடையும். பொந்தை நல்ல கட்டை தெரியும்வரை சுரண்டுவது அதைவிட மோசம். மரம் கட்டிய சுவரை நாமே இடிக்கிறோம்.

கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போல ஒரு வீக்கம் தெரியும். அந்தக் கழுத்து தண்டின் பகுதி, தொடக்கூடாது. அதற்குச் சற்று வெளியே வெட்டுங்கள். ஒரு முழம் கட்டை விட்டாலும் தப்பு; அது காய்ந்து அதன் வழியே அழுகல் இறங்கும். கனமான கிளைக்கு மூன்று வெட்டு: தண்டிலிருந்து ஓரடி தள்ளி அடியிலிருந்து கால்பங்கு ஆழம், அதைவிட இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து முழுசாக, கடைசியில் மிஞ்சிய கட்டையைக் கழுத்துக்கு வெளியே. அடிவெட்டைத் தவிர்த்தால் கிளை விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

கன்றைக் கம்போடு இறுக்கிக் கட்டாதீர்கள். ஆடினால்தான் அடித்தண்டு பருக்கும்.

பொந்து இருக்கிறது என்பதற்காகவே மரத்தை வெட்டச் சொல்லாதீர்கள். சுற்றியுள்ள நல்ல கட்டையின் தடிமன் தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறதா என்று முதலில் விவரம் தெரிந்தவரை வைத்து அளந்து பாருங்கள்.