பக்கத்து வளவுச் சத்தமும் சட்டமும்

சத்தத்தைப் பற்றி என்னிடம் முறையிட வருகிறவர்கள் பெரும்பாலும் வழக்குப் போடும் எண்ணத்தோடு வருவதில்லை. "பிள்ளைக்கு ஏ.எல். சோதினை வருது, அயலுக்குள்ள எடுத்தெறிஞ்சு கதைக்கேலாது, என்ன செய்யலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். சத்தம் கோயிலில் இருந்து வந்தால் தயக்கம் இன்னும் கூடிவிடும். சாமி காரியத்தைக் குழப்பியவன் என்ற பெயர் யாழ்ப்பாணத்தில் லேசில் போகாது. அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பயந்து வருடக்கணக்காகப் பொறுத்துவிட்டு, ஒருநாள் மதிலுக்கு மேலால் சண்டை பிடித்து, கடைசியில் தாங்களே எதிராளியாகப் பொலிசுக்குப் போகிறவர்களையும் பார்க்கிறேன்.

ஒலிபெருக்கி பாவிக்கப் பொலிஸ் அனுமதி வேண்டும். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு அது. வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாகத் தொடங்கிய வழக்கில், 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இப்படியான அனுமதி வழங்கக்கூடாது என்று பணித்தது. மற்ற நேரத்திலும் சத்தம் அந்த வளவின் எல்லையைத் தாண்டக்கூடாது. இது எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவானது. விசேட நாளுக்குத் தளர்வு கொடுத்திருந்தால் அது அனுமதிப் பத்திரத்தில் இருக்க வேண்டும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, பத்திரத்தில் என்ன நேரம் போட்டிருக்கிறது என்பதைத்தான்.

திருவெம்பாவைக் காலத்தில் இந்த நேரக் கட்டுப்பாடு பற்றிய கேள்வி கட்டாயம் வரும். பாடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சங்கும் சேமக்கலமுமாக விடியற்புறம் வீதியால் பாடிப்போவது எங்கள் ஊர் வழக்கம், அது நிலைக்க வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். பிரச்சினை, மரத்தில் கட்டி வீடுகளைப் பார்த்துத் திருப்பிவிட்ட ஸ்பீக்கர்.

சத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே 119க்கு அழைக்கலாம். நேரில் போய் முறைப்பாடு கொடுப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. முறைப்பாட்டைத் தமிழில் பதியும்படி கேட்பது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்து வைத்துவிட்டு, "நான் சொன்னது அதில்லை" என்று பிறகு நீதிமன்றத்தில் நின்று சொல்வது மிகவும் கஷ்டம்.

மரம் அரியும் ஆலை, வெல்டிங் கடை போன்றவை வேறு கதை. அயலில் பலருடைய உடல்நலத்தையோ நிம்மதியையோ கெடுத்தால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் அந்தத் தொல்லையை நீக்கும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கலாம். கட்டளை பெற்றவர் வந்து தன் பக்க நியாயத்தைச் சொல்லவும் இடமுண்டு. 1996ஆம் ஆண்டுச் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் டெசிபெல் அளவுகளும் உண்டு. போன் செயலியில் பார்த்த அளவை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அதிகாரிகள் முறையாக அளந்த அறிக்கைதான் நிற்கும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒரு கொப்பி வைத்து எழுதுவது. திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வீட்டில் எதைச் செய்ய முடியாமல் போனது, வேறு யார் கேட்டார்கள். "எந்த நேரமும் ஒரே சத்தம்" என்பதை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இரண்டு கேள்வியில் உடைத்துவிடுவார். அன்றன்றைக்கு எழுதியதை அப்படி உடைப்பது சுலபமில்லை.

சரி, உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் மட்டுமான பிரச்சினை என்றால்? பெரும்பாலும் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்லியே அனுப்புகிறேன். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபைகள் இவை. அங்கே சட்டத்தரணி தேவையில்லை, நாளைக்கும் அதே ஒழுங்கையில் முகம் பார்த்து வாழலாம். இணக்கம் வந்தால் "இனிச் சத்தம் போடமாட்டோம்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். எத்தனை மணிக்கு நிறுத்துவது, ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்புவது, ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்று ஒவ்வொன்றாக எழுதுவியுங்கள்.