பேரவையில் கேட்காத கேள்வி கோர்ட்டுக்கு வரும்

போலிப் பத்திரத்தை ரத்து செய்ய சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், மாவட்டப் பதிவாளரிடம் மனு கொடுத்தால் போதும் என்று 2022 ஆகஸ்டில் ஒரு வழி திறந்தது. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 77-ஏ பிரிவு அது. மதுரை, மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் ஆள்மாறாட்டக் கிரயத்தில் நிலத்தை இழந்தவர்களுக்கு இது வரப்பிரசாதமாகத் தெரிந்தது. நியாயம்தானே? முன்சீப் கோர்ட் வாய்தா எப்படி இழுக்கும் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது!

ஆனால் கையெழுத்து போலியா இல்லையா என்று சாட்சியை விசாரித்து முடிவு சொல்வது நீதிமன்றத்தின் வேலை. அதைப் பதிவுத்துறை அதிகாரி செய்யலாமா? சட்டம் வருவதற்கு முந்தைய பத்திரங்களுக்கும் இது பொருந்துமா? சிவில் வக்கீல் யாரும் அரை மணி நேரத்தில் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள். இவை வழக்குகளாகத்தான் வந்தன. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது.

இத்தனைக்கும், 2021-ல் பேரவையில் நிறைவேறிய அந்த மசோதா குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தது. கோப்பு காத்திருந்தால் மசோதாவை யாரோ அலசுகிறார்கள் என்று பொருளில்லை.

"மனு வாங்குனதும் கவர்மெண்டு, சட்டம் செல்லாதுங்கிறதும் கவர்மெண்டு, நடுவுல போன வருசத்துக்கு யாரு சார் பொறுப்பு?" என்று கேட்டார் என்னிடம் வழக்கு கொடுத்த ஒரு கட்சிக்காரர். கோர்ட் வேறு, அரசு வேறு என்று அவருக்கு விளக்கம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வன்னியர்களுக்கான 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் நினைவிருக்கும். 2021 பிப்ரவரி 26 அன்று, தேர்தல் தேதி அறிவிப்பதற்குச் சற்று முன்பு நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பர் 1-ல் நம் ஒத்தக்கடையில் உள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமும் 2022 மார்ச் 31-ல் அதை உறுதி செய்தது. உள் ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு, அதற்கான தரவுதான் போதாது என்றது. தரவைக் கேட்டிருக்க வேண்டிய இடம் பேரவை. 12 மணி நேர வேலை மசோதா கதையும் தெரிந்ததே: 2023 ஏப்ரல் 21-ல் நிறைவேறி, 24-ல் நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தில் வாபஸ்.

பக்கத்துக் கேரளத்தில் மசோதாக்கள் வழக்கமாக எம்.எல்.ஏ.க்கள் உட்கார்ந்து அலசும் துறைக் குழுக்களுக்குப் போய்த்தான் திரும்புகின்றன. நம்மிடம் தெரிவுக் குழுவுக்கு அனுப்பும் வழி விதிகளில் இருந்தும் அனுப்புவது அபூர்வம். மற்றதெல்லாம் குரல் வாக்கெடுப்பு. மசோதா அச்சானதும் உங்கள் எம்.எல்.ஏ.விடம் "குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். ரோடு, தண்ணீருக்கு மட்டும்தான் மனு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

77-ஏ மனுவோடு நின்றுபோனவர்களுக்கு ஒன்று. போலிப் பத்திரம் பற்றித் தெரிய வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் ரத்து வழக்கு போட வேண்டும். பதிவாளரிடம் போன காலத்தை அந்த மூன்று ஆண்டுக் கணக்கில் சேர்க்காமல் விடச் சொல்லி வாதாடலாம், கிடைக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். வில்லங்கச் சான்றும் பழைய மனுவின் ரசீதும் எடுத்துக்கொண்டு இந்த மாதமே ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள்.